கோட்டைச் சுவரிலிருந்து லயத்து வாசல் வரை

(பெட்டாலிங் ஜெயாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போர்க்கருவிகளும் போர்முறைகளும் மாறிவந்த வரலாற்றைப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். மலேசியத் தமிழ் மேடையில் இப்படி ஒரு தலைப்பு கிடைத்தால் பேச்சாளர் முதல் வேலையாகக் கப்பலேறிவிடுவார். 1025-இல் இராசேந்திர சோழனின் படை கடாரத்துக்கு வந்ததைச் சொல்லி, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அடுக்கும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணி முடிப்பதற்குள் பாதி நேரம் ஓடிவிடும். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நம் காலடி நிலம்: மலாக்கா, கிள்ளான் ஆறு, சிலிம் ரிவர், நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெட்டாலிங்.

நான் சொல்ல வந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுதம் மாறும்போது போர்க்களமும் இடம் மாறுகிறது. அப்படி மாறும் ஒவ்வொரு முறையும், சண்டையோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு கூட்டம் புதிதாக அதற்குள் அகப்பட்டுக்கொள்கிறது. ஐந்நூறு ஆண்டுகளில் இந்த நாட்டில் போர்க்களம் கோட்டையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து சாலைக்கும், சாலையிலிருந்து அடுப்படிக்கும் நகர்ந்திருக்கிறது. அந்தப் பயணத்தில் நம்மவர்கள் எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

பாலத்துக்கு நடந்த சண்டை

போர்ச்சுகீசியத் தளபதி அபோன்சோ டி அல்புகர்க் 1511 ஜூலையில் மலாக்காவின் முன் நங்கூரம் பாய்ச்சினார். அவரிடம் இருந்தவை பதினைந்துக்கும் மேற்பட்ட கப்பல்கள், ஆயிரத்துச் சொச்சம் வீரர்கள். அவர்களுள் மலபார்க் கரையிலிருந்து கூட்டிவந்த வீரர்களும் உண்டு. மலாக்காவில் பீரங்கி இல்லாததால்தான் அது விழுந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் எழுதிவைத்ததோ வேறு. நகரைப் பிடித்தபின் அங்கிருந்து அவர்கள் அள்ளிய பீரங்கிகள் ஏராளம். மலாக்காவிடம் வெடிமருந்து இருந்தது. அதைக் கடலில் ஏந்திச் சென்று, வேண்டிய இடத்தில் குவிக்கும் கப்பல் இல்லை.

ஜூலை 25-ஆம் நாள், நகரை இரண்டாகப் பிரிக்கும் ஆற்றுப் பாலத்தின் மேல் முதல் தாக்குதல். சுல்தான் மகமூதின் யானைகள் தெருவில் இறங்கின. நம் பழைய நால்வகைப் படையில் யானைக்கு எவ்வளவு பெருமை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறுகிய தெருவில் நீண்ட ஈட்டிக்கு முன்னால் அந்தப் பெருமை நிற்கவில்லை. குத்துப்பட்ட யானை திரும்பி ஓடித் தன் பக்கத்து ஆட்களையே மிதித்தது. ஆனால் வெயிலிலும் நச்சு அம்பிலும் களைத்த போர்ச்சுகீசியரும் அன்று மாலை கப்பலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 10-இல் அல்புகர்க் முறையை மாற்றினார். உயரமான பாய்மரக் கப்பல் ஒன்றை ஆற்றுக்குள் கொண்டுவந்து, கடல் ஏற்றத்துக்காகக் காத்திருந்து, பாலத்தை ஒட்ட நிறுத்தினார். பாலத்தில் நின்றவர்களைவிட உயரத்திலிருந்து சுட ஒரு மிதக்கும் கோட்டை கிடைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் மலாக்கா வீழ்ந்தது.

இதில் அகப்பட்டவர்கள் வணிகர்கள். மலாக்காவின் தமிழ் வணிகர்களில் பெரும்புள்ளியான நைனா சட்டு, அங்கே சிறைப்பட்டிருந்த போர்ச்சுகீசியக் கைதிகளுக்கு உதவியவர். வெற்றிக்குப் பிறகு அவருக்குப் பெண்டஹாரா என்ற உயர் பதவி கிடைத்தது. சில ஆண்டுகளில் அந்தப் பதவியைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுக்க முடிவானபோது அவர் தீக்குளித்து இறந்தார். பீரங்கிக் கப்பல் வந்த பிறகு துறைமுகத்தில் நடுநிலை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. எந்தக் கொடியின் கீழ் கடை வைப்பது என்பதே உயிர்ப் பிரச்சினை ஆனது.

ஆற்றின் வாய்

அடுத்த களம் நமக்கு இன்னும் பக்கம். கிள்ளான் போர் என்று சொல்லப்படும் சிலாங்கூர் உள்நாட்டுப் போர் 1867 முதல் 1874 வரை நடந்தது. கோலாலம்பூர்ச் சுரங்கங்களின் ஈயம் படகில் கிள்ளான் ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆற்றின் வாயில் கோட்டை வைத்திருப்பவனுக்கு வரி. ராஜா அப்துல்லா 1857-இல் கட்டிய ஈயக் கிடங்கும், ராஜா மகாடியின் கோட்டை வாசலும் கிள்ளானில் இன்றும் நிற்கின்றன. ஏழாண்டுச் சண்டை எதற்காக என்பதை அந்த இரண்டு கட்டடங்களைப் பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம்.

இந்தப் போரில் பெரிய மோதல்கள் குறைவு. மரமும் மண்ணும் கொண்டு குபு எனும் அரண் எழுப்புவது, எதிரியின் படகை மறிப்பது, அரிசியும் அபினும் போகாமல் தடுப்பது, எதிரி பசியில் வெளியேறும்வரை காத்திருப்பது, இதுதான் முறை. எதிரெதிர் தரப்புத் தலைவர்களாகத் துங்கு குடினும் ராஜா மகாடியும் மோதினார்கள். கோலாலம்பூர்ச் சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோயின் சுரங்கத் தொழிலாளர்கள் படையானார்கள். நீரிணைக் குடியேற்ற வணிகர்கள், வருங்கால ஈயத்தை நம்பித் துப்பாக்கிக்குக் கடன் கொடுத்தார்கள். இதற்கிடையில் 1871 ஜூலையில் ரினால்டோ என்ற பிரிட்டிஷ் நீராவிப் போர்க்கப்பல் கோலசிலாங்கூர்க் கோட்டையைச் சுட்டது. காற்றுக்கும் கடல் ஏற்றத்துக்கும் காத்திராத கப்பல் வந்துவிட்டால் ஆற்றின் வாயில் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்பிருந்த பலம் இல்லை என்பதை எல்லாத் தரப்பும் அன்று கண்டுகொண்டது.

ஒரு சம்பவத்தை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். 1872-இல் துங்கு குடினுக்காகக் கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் குன்றைக் காத்த கூலிப்படைக்குத் தலைவர் வான் ஹேகன் என்ற ஐரோப்பியர். முற்றுகை இறுகியதும் அவர் தம் ஆட்களோடு தப்பிக்கப் பார்த்தார். காட்டில் வழி தப்பி, பெட்டாலிங் பக்கம் வந்து மாட்டிக்கொண்டார். பிறகு கொல்லப்பட்டார். அவரைச் சம்பளத்துக்கு வைத்தது அவருடைய துப்பாக்கிப் பயிற்சிக்காக. அந்த இரவு அவருக்குத் தேவைப்பட்டதோ ஒற்றையடிப் பாதை தெரிந்த ஓர் ஆள். 1873-இல் குடினுக்குத் துணையாகப் பகாங் படை வந்து, எதிரி கையில் வீழ்ந்திருந்த கோலாலம்பூரை மீட்டபோது நகரம் சாம்பல் மேடாகிக் கிடந்தது.

இறங்கச் சொன்ன சைக்கிள்

ஆற்றின் காலம் முடிந்து சாலையின் காலம் வந்தது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு ரப்பர் வந்தது. ரப்பரை ஏற்ற வடக்கிலிருந்து தெற்குவரை தார்ச்சாலை வந்தது. அந்தத் தண்டவாளத்தையும் தாரையும் போட்ட கைகள் யாருடையவை என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலக ரப்பரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலாயாவிலிருந்து போனது. டயர் இல்லாமல் லாரி இல்லை, லாரி இல்லாமல் படை இல்லை என்ற காலம் அது. இன்னொரு நாட்டின் ராணுவத் திட்டத்தில் நம் தோட்டங்கள் எப்போதோ இடம்பிடித்துவிட்டன. பால் வெட்டியவர்களுக்குத்தான் அது தெரியாது.

1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் என்று பல கேட்டது. அவற்றுள் ஒன்று: துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட படையைத் தோட்டங்களில் இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். ஜப்பானியத் தளபதி யமாஷிடாவின் 25-ஆவது படையில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஆயிரக்கணக்கில் சைக்கிள். மலாயாக் கடைகளில் ஏற்கெனவே ஜப்பானிய சைக்கிள்கள் விற்றுக்கொண்டிருந்ததால் உதிரிப் பாகம் வழியெல்லாம் கிடைத்தது. டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான வளையங்கள் உரசும் சத்தத்தை எதிர்ப்பக்கம் டாங்கி என்று எண்ணி அஞ்சியதுண்டு. தோட்டத் தொழிலாளி ஏறிச் செல்லக் கூடாது என்று துரைமார் நினைத்த அதே வண்டி ஓராண்டுக்குள் துரைமாரைச் சிங்கப்பூர்வரை விரட்டியது.

சைக்கிள் பாதிக் கதைதான். வானம் இன்னொரு பாதி. டிசம்பர் 10-இல் குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்களும் விமானக் குண்டிலும் டார்பிடோவிலும் மூழ்கின. மேலே தங்கள் விமானம் ஒன்றும் இல்லாமல் கடலுக்குப் போன கப்பல்கள் அவை. ரினால்டோ தொடங்கிவைத்த எழுபதாண்டு நீராவிப் பெருமை ஒரே பகலில் முடிந்தது.

கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. அங்கே குன்று இருந்தது, முன்னால் திறந்த ஈயநிலம் இருந்தது, பீரங்கிக்குப் பார்வை கிடைத்தது. ஜப்பானியர் கடல் வழியாகப் பின்பக்கம் இறங்கியதால்தான் பின்வாங்க நேர்ந்தது. சிலிம் ரிவர் வேறு கதை. இருபுறமும் காடும் ரப்பர்த் தோட்டமும் நெருக்க, நடுவே ஒரே சாலை.

1942 ஜனவரி 7, விடியலுக்கு முன். மேஜர் ஷிமாடாவின் முப்பது டாங்கிகளும், அவற்றோடு கலந்து லாரியில் காலாட்படையும் அந்தச் சாலையில் நேராக வந்தன. சுற்றி வளைக்கவில்லை, பக்கவாட்டில் புகவில்லை. தடை வைத்த இடங்களில், சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகளைத் தேடிப்பிடித்து, அவற்றின் வழியாகத் தடையைத் தாண்டின. போதிய தொலைபேசிக் கம்பி இல்லாததால் முன்னால் அடி விழுந்த செய்தி பின்னால் போய்ச் சேரவில்லை. கிளனி தோட்டத்தருகே சாலையில் அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்த கூர்க்காப் படைப்பிரிவு, முதுகுப்பக்கம் வந்த டாங்கியைப் பார்த்துத்தான் போர் தங்களைத் தொட்டுவிட்டதை அறிந்தது. சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வைத்த வெடியின் கம்பியை வாட்டனாபே என்ற இளம் அதிகாரி இறங்கி வாளால் வெட்டினார். காலை ஒன்பது மணிக்கு மேல், முப்பது கிலோமீட்டர் தெற்கே ஒரு பீரங்கி மிக அருகிலிருந்து சுட்டு முதல் டாங்கியை முடக்கியபோதுதான் அந்த ஓட்டம் நின்றது. அதற்குள் இரண்டு பிரிகேடுகள் சிதறிவிட்டன. ஜனவரி 11-இல் கோலாலம்பூர், பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர்.

மலாயாவில் பிரிட்டிஷார் ஒரு டாங்கிகூட வைத்திருக்கவில்லை. இந்தக் காட்டுநாட்டில் டாங்கி எதற்கு என்று எண்ணியிருந்தார்கள். காட்டில் டாங்கி ஓடாது என்பது உண்மைதான். ஆனால் ரப்பருக்காக அவர்களே போட்டுவைத்த சாலையில் ஓடும்.

நீர்மூழ்கிக்குப் பதில் தண்டவாளம்

ஆயுதம் எங்கோ ஒரு மூலையில் மாறினால் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், எப்படி இடி விழும் என்பதற்கு சயாம் மரண ரயிலைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு உணவும் குண்டும் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல்வழியே போக வேண்டும். அந்தக் கடல்வழி நேச நாட்டு நீர்மூழ்கிகளுக்கும் விமானங்களுக்கும் இலக்காகும். ஆகவே தரைவழி வேண்டும். 415 கிலோமீட்டர் தண்டவாளம், மலையையும் காட்டையும் குடைந்து, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்காக மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அழைத்தும் பிடித்தும் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியலும் கல்லறை வரிசையும் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் இல்லை.

அதே ஆண்டுகளில் அதே தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கும் ஆட்கள் போனார்கள். ஜான்சி ராணிப் படையில் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். கோலாலம்பூர்ப் பெண்ணான ஜானகி ஆதி நாகப்பன் அதில் உயர்ந்த பொறுப்பு வகித்தார். அந்த ராணுவத்தின் வீரத்தைப் பலரும் பேசியிருக்கிறார்கள். 1944-இல் இம்பால் முனையில் அதை முறித்ததில் அரிசியும் மருந்தும் வந்துசேராததற்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

ஆயுதமான அரிசி

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டபின் அவசரகாலம் பிறந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களிடம் டாங்கி இல்லை, விமானம் இல்லை. ஜப்பானியரை எதிர்க்க அன்று பிரிட்டிஷாரே கொடுத்த துப்பாக்கிகள் அவர்களிடம் இருந்தன. அரசிடம் குண்டுவீச்சு விமானம் இருந்தது. மரக்கூரையின் மேல் கொட்டிய குண்டுகளுக்குப் பயன் சொற்பம்.

இப்படிப்பட்ட போரில் யார் எதிரி என்று சீருடை காட்டாது. ஆகவே எல்லோரும் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 கிராமத்தாரைப் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ரவாங் அருகே ஒரு கைத்துப்பாக்கியோடு பிடிபட்டு, 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. வைத்திருப்பதற்கே மரண தண்டனை.

1950-இல் அரசின் நடவடிக்கைப் பொறுப்பாளராக வந்த ஹரால்ட் பிரிக்ஸ், காட்டுக்குள் போய்ச் சண்டையிடுவதைவிட காட்டுக்குப் போகும் சோற்றை நிறுத்துவது மேல் என்று கணக்கிட்டார். சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்துக் கம்பி வேலி போட்டார்கள். நடைமுறை எப்படி இருந்தது என்று பாருங்கள். அரிசி பங்கீடு. விடியலில் பால்வெட்டுக்குப் போகிறவரை வேலி வாசலில் நிறுத்திச் சோதனை. சட்டைக்குள் ஒரு பிடி அரிசி இருந்தாலும் வழக்கு. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின்னைச் சேர்த்துவைக்க முடியாது. சில இடங்களில் அரிசியாகக் கொடுக்காமல், ஊருக்கே பொதுவில் வடித்துச் சோறாகக் கொடுத்தார்கள். அரிசி மாதக்கணக்கில் நிற்கும். நம் வெப்பத்தில் சோறு மறுநாளே புளித்துவிடும். அந்தப் புளிப்பைத்தான் ஆயுதமாக்கினார்கள்.

பெட்டாலிங் ஜெயாவும் அந்த ஆண்டுகளின் பிள்ளைதான். 1952-இல், எஃபிங்ஹாம் தோட்டத்தின் 1,200 ஏக்கர் ரப்பர் நிலத்தில், கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்கப் போட்ட நகரம் இது. போருக்குப் பின் ஊரைச் சுற்றி முளைத்த புறம்போக்குக் குடிசைகளைக் கண்டு அரசு அஞ்சிய காலம் என்பதை மறந்துவிட்டால் இந்த நகரம் பிறந்த அவசரம் நமக்கு விளங்காது.

பிரிக்ஸ் திட்டம் வென்றது என்று உலகம் முழுக்கப் படித்தார்கள். 1962-இல் தெற்கு வியட்நாமில் அதே பாணியில் வேலிக் கிராமங்கள் எழுந்தன, சீக்கிரமே சரிந்தன. இங்கே 1957-இல் சுதந்திரம் வந்ததும், வேலிக்குள் இருந்தவருக்குக் குடியுரிமை, நிலப்பட்டா என்று எதிர்காலம் ஒன்று கண்ணுக்குத் தெரிந்ததும் சேர்ந்துதான் துப்பாக்கியின் வேலையைக் குறைத்தன. முறையைக் கொண்டுபோனவர்கள் இந்தப் பாதியைக் கொண்டுபோகவில்லை.

இன்றைய களம்

ஆயுதம் நுட்பமாக ஆக, சாதாரண மக்கள் தப்பிவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. குறி தப்பாத ஏவுகணை அடுத்த வீட்டைத் தொடாது என்பார்கள். நியாயமான வாதம்தான், கண்மூடித்தனமாகக் குண்டு கொட்டிய காலத்தைவிட இது மேல். ஆனால் குறி துல்லியமாவது வேறு, களம் சுருங்குவது வேறு. இலங்கைப் போரில் விடுதலைப் புலிகள் 2007-இல் சிறு விமானத்தில் வந்து கட்டுநாயக்காவைத் தாக்கினார்கள். அரசிடம் ஜெட் விமானமும் வேவு விமானமும் இருந்தன. 2009-இல் அந்தப் போர் முடிந்த இடமோ, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நெருக்கப்பட்ட முல்லைத்தீவுக் கடற்கரைத் துண்டு. பார்க்கும் கருவி எவ்வளவோ இருந்தும் மருத்துவமனைகள்மேல் குண்டு விழுந்தது.

2022-க்குப் பிறகு உக்ரைனில், கல்யாண வீட்டில் படம் பிடிக்கப் பறக்கவிடும் டிரோனின் இனத்தைச் சேர்ந்த மலிவான கருவிகள் பல லட்சம் டாலர் டாங்கியை எரிக்கின்றன. ஷிமாடாவின் டாங்கிக்கு எண்பது ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் அது. ஆனால் அந்த டிரோனுக்குள் இருக்கும் சில்லும் கேமராவும் நம் தொலைபேசியிலும் இருக்கின்றன. அன்று ரப்பர் எந்த இடத்தில் இருந்ததோ, அந்த இடத்துக்கு இன்று மின்னணுப் பொருள் வந்திருக்கிறது. அதைச் செய்யும் தொழிற்சாலைகள் இந்த நாட்டில் நிறைய. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள், பால்வெட்டிய அவர்களுடைய பாட்டன்களைப்போல, தாங்கள் செய்யும் பொருள் எந்தக் களத்துக்குப் போகிறது என்று அறியாதவர்களாக இருக்கக் கூடாது.

சட்டம் எப்போதும் ஆயுதத்துக்குப் பின்னால்தான் நடந்துவருகிறது. போர்க்காலத்தில் குடிமக்களைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தம் 1949 ஆகஸ்டில் வந்தது. மரண ரயிலில் செத்தவர்களுக்கு அது ஆறு ஆண்டு தாமதம். குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளக் கூடாது என்று 1977-இல்தான் எழுத்தில் வந்தது. பின்தங்கினாலும் அந்தச் சட்டத்தை விட்டுவிடக் கூடாது. ஆளற்ற கருவி தானே இலக்கைத் தேர்ந்து சுடலாமா என்று இப்போது நாடுகள் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சில், கடந்த போர்களில் வேலிக்குள் நின்றவர்களின் பிள்ளைகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். ஜப்பான்காரன் காலத்தைச் சிறு பிள்ளையாகவாவது கண்டவர்களுக்கு இன்று எண்பத்தைந்து வயதுக்கு மேல். அவசரகால வேலியைக் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மாணவர்களை அவர்களிடம் அனுப்புங்கள். சண்டையைப் பற்றிக் கேட்க வேண்டாம். சண்டையை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மாதம் என்ன சாப்பிட்டீர்கள், வேலி வாசலில் யார் சோதித்தார், வீட்டிலிருந்து யாரைக் கூட்டிப்போனார்கள், அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம் என்று கேட்கச் சொல்லுங்கள். பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் எழுதி, பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி வைக்கச் சொல்லுங்கள். சயாமுக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியலை வேறு யாரும் நமக்காகத் தயாரித்துத் தரப்போவதில்லை. அறக்கட்டளையார் அனுமதித்தால், அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு முன் அந்தப் பட்டியலின் முதல் பக்கங்களை இந்த மேடையில் படிக்கலாம்.